கதவில் ஒரு குழாய்

ஜனவரி 9, செவ்வாய்

காலையில் பனி அள்ளினேன். பள்ளிச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்கு மக்ரோனி. திரும்பி வந்து மறுபடியும் பனி அள்ளினேன். ஒரே நாளில் இரண்டு தடவை ஒரே பாதை.

என் கணவன் நார்பர்ட் காலையில் நான் உட்கார வைத்த நாற்காலியிலேயே இருந்தான். சட்டைப் பொத்தான்கள் நான் போட்டுவிட்டபடியே. தொத்திறைச்சியைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தேன். பாதிதான் உள்ளே போயிருக்கிறது, மீதி மடியில். பார்க்கின்சன் என்று டாக்டர் சொல்லிப் பதினாலு மாதம் ஆகிறது. முதலில் வலது கை மட்டும் நடுங்கியது. இப்போது இடதும்.

பீர் காய்ச்சுவதையும் நிறுத்திவிட்டான். இருபத்தாறு வருடம் இந்த வீட்டு அடுப்பில் காய்ச்சியவன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடைசியாகக் காய்ச்சியதைப் பாட்டிலில் அடைக்கும்போது ஒன்பதாவது பாட்டில் கை நழுவியது. பதினோராவதும். மூடியை வைத்து நெம்பி அழுத்த வேண்டும், அது இனி அவனால் ஆகாது. கண்ணாடியை நான் பெருக்கினேன், மீதியையும் நானே மூடினேன். "இனிமே நான் காய்ச்சப் போறதில்ல" என்றான். அவ்வளவுதான்.

அதோடு வெள்ளிக்கிழமைச் சீட்டாட்டமும் போயிற்று. பக்கத்து வீட்டு டெல்மர், லெஸ், லெஸ்ஸின் மச்சான் வால்ட், மூன்று பேரும் சாயங்காலம் எங்கள் கராஜுக்கு வந்து ஷீப்ஸ்ஹெட் ஆடுவார்கள். பீரை நார்பர்ட்தான் ஊற்றுவான், வேறு யாரையும் பாட்டிலைத் தொட விடமாட்டான். ஒரு விதியும் உண்டு: காய்ச்சியவன் முதல் கோப்பையை எல்லார் முன்னாலும் குடித்துக் காட்ட வேண்டும், விஷம் இல்லை என்பதற்கு. லெஸ் கேலிக்குப் போட்ட விதி. இருபது வருடமாக ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறியதில்லை.

இன்று டெல்மர் போனில் கேட்டபோது, "கராஜ் ஹீட்டர் கெட்டுப்போச்சுடா, குளிருல உக்கார முடியாது" என்று நார்பர்ட் சொன்னான். நான் பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஹீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 12, வெள்ளி

மீன் பொரித்தேன். இரண்டு பேர் சாப்பிட்டோம். ஐந்து மணிக்கு அவன் கராஜ் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

ஜனவரி 14, ஞாயிறு

பூசை முடிந்து மாதா கோயில் கூடத்தில் காபி. டெல்மர் என்னைப் பிடித்துக்கொண்டான். "ஏம்மா மார்லிஸ், ஹீட்டர் என்னாச்சு? எங்கிட்ட ஒண்ணு சும்மா கெடக்கு, கொண்டாந்து வெக்கட்டா?"

"வேணாம், ஆள் வர்றேன்னு சொல்லியிருக்கான்" என்றேன். கோயிலுக்குள் நின்று பொய் சொன்னேன். எனக்கு அவன்மேல் கோபம். நோயின் மேல் இல்லை, நார்பர்ட் மேல். அவன் வெட்கத்துக்கு நான் ஏன் காவல் நிற்க வேண்டும்?

அப்போதுதான் திருமதி ஷ்ராங்கைப் பார்த்தேன். விரல்கள் எல்லாம் உள்ளங்கையோடு மடங்கிப்போனவர். காபிப் பாத்திரத்தின் முன்னால் வந்து, கோப்பையை அடியில் வைத்து, குழாயின் பிடியை மணிக்கட்டால் ஒரு தள்ளு தள்ளினார். காபி வந்தது. திருப்பி ஒரு தட்டு, நின்றது. யாரையும் கூப்பிடவில்லை.

என் காபி ஆறிப்போகும் வரை அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 16, செவ்வாய்

வேலை முடிந்து பீர் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனேன். நார்பர்ட் இல்லாமல் நான் அங்கே போனது இதுதான் முதல் தடவை. கடை நடத்துகிற பெண் டானா. குழாய் வைத்த புதுப் பெட்டி ஒன்றைக் காட்டினாள். விலைச் சீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தேன்.

"வீட்டுல பழைய ஃபிரிட்ஜ் இல்லையா?" என்று கேட்டாள். "இந்த ஊர்ல கராஜ்ல ரெண்டாவது ஃபிரிட்ஜ் இல்லாத வீடு ஏது? அதுல ஒரு துளை போடுங்க, குழாயைச் சொருகுங்க. உள்ள பீப்பாய், பீரை வெளிய தள்ள ஒரு சோடா கேஸ் சிலிண்டர். தீந்துது வேலை."

மூடிப்போன ஓர் உணவகத்திலிருந்து வந்த ஸ்டீல் பீப்பாய்கள் இரண்டு, முன்பு சோடா நிரப்பியவை. கழுத்தில் சொட்டை விழுந்த பழைய குழாய் ஒன்று. நிரப்பிய சிலிண்டர். எல்லாவற்றையும் கார் டிக்கியில் வைத்து மேலே போர்வை போட்டு மூடினேன். ஏதோ பிணத்தைக் கொண்டு வருகிற மாதிரி.

ஐம்பது பாட்டில் வேண்டாம். மூடி வேண்டாம். ஒரு தள்ளு போதும். இந்த வீட்டில் ஒரு காரியம், ஒரே ஒரு காரியமாவது நான் எழுந்து போகாமல் அவன் செய்ய வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான். அவனுக்காக மட்டும் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

ஜனவரி 20, சனி

சொன்னேன். அவன் டிவியில் பனி ஏரியில் மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கராஜ் ஃபிரிட்ஜுல குழாய் வெக்கப் போறேன். நீ மறுபடி காய்ச்சலாம். பாட்டில் வேணாம், மூடி வேணாம். முழங்கையால தள்ளினாக்கூட வரும்."

"முழங்கையால" என்று திருப்பிச் சொன்னான். "அப்புறம் என்ன, கழுத்துல துண்டு கட்டிவிடுவியா?"

"அதான் ஏற்கனவே கட்டுறேனே."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவன் முகம் ஒன்றும் காட்டவில்லை. இந்த நோய் முகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டிக்கொண்டு வருகிறது. கோபமா அழுகையா என்று முப்பத்தேழு வருடம் கூட வாழ்ந்த எனக்கே தெரியவில்லை.

ஜனவரி 24, புதன்

நாலு நாளாகப் பேச்சு இல்லை. பொத்தான் போடும்போது கூரையைப் பார்க்கிறான். சரி, பார்க்கட்டும்.

ஜனவரி 27, சனி

ஃபிரிட்ஜைக் கொன்றுவிட்டேன்.

கதவின் உள்பக்கம் முழுக்க ஊறுகாய் ஜாடியும் கடுகுமாக இருந்தது. அதை ஏன் கெடுப்பானேன், பக்கவாட்டுச் சுவர்தான் சீட்டு மேசையைப் பார்த்த மாதிரி இருக்கிறது, அங்கே குழாய் வைத்தால் அவனுக்கு இரண்டு எட்டு குறையும் என்று நானாக யோசித்தேன். நல்ல யோசனை! டிரில்லை வைத்து அழுத்தினேன். தகரம் போயிற்று, பஞ்சு போயிற்று, அப்புறம் புஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். ஒரு நிமிடம் இருக்கும். எண்ணெய் வாடை. கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியே ஓடினேன். திரும்பி வந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது, குளிர் மட்டும் இல்லை.

தரையில் உட்கார்ந்து அழுதேன். ஃபிரிட்ஜுக்காக யாராவது அழுவாங்களா? நான் அழுதேன். மேல் தட்டு நிறைய நவம்பர் மாதத்து மான் கறி. அதையும் இனி நான்தான் சமைத்துத் தீர்க்கணும். எல்லாம் நான்தான். எல்லாமே நான்தான்.

சமையலறையிலிருந்து கராஜுக்கு மூன்று படி. அந்த மூன்று படிகளை நார்பர்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான். துளையைக் குனிந்து பார்த்தான்.

"பக்கவாட்டுலயா போட்ட?"

"ஆமா."

"பக்கவாட்டுக்குள்ளதான் மார்லிஸ், குளிர வெக்கிற கேஸ் குழாய் எல்லாம் ஓடுது. கதவுல ஒண்ணுமே கெடையாது, வெறும் பஞ்சு. அப்பிடியே பக்கவாட்டுலதான் போட்டாகணும்னா சோளமாவு பூசிப் பாத்திருக்கணும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா பேசியிருப்பியா நீ?"

படியில் உட்கார்ந்துகொண்டான். ஆனால் ஒரு வாரத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முழுப் பேச்சு இதுதான். அதுவும் நான் செய்த முட்டாள்தனத்தைத் திட்டுவதற்காக. பழைய நார்பர்ட் அப்படித்தான் திட்டுவான்.

ஜனவரி 28, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பெரிய பானையில் மான் கறியும் பீன்ஸும் ஏற்றினேன். மீதியைப் பையில் போட்டுக் கராஜ் கதவருகில் பனியில் வைத்துக்கொண்டிருந்தபோது டெல்மர் வந்து நின்றான். கராஜ் உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. ஹீட்டர் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

டெல்மர் ஹீட்டரைப் பார்த்தான். ஃபிரிட்ஜில் இருந்த துளையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கையுறையைக் கழற்றி ஹீட்டருக்கு முன்னால் கையைக் காட்டிச் சூடு காய்ந்தான்.

"ஆளு வந்து சரி பண்ணிட்டான் போல" என்றான்.

தரை பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. கையில் இருந்த கறிப் பையை அவனிடம் கொடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கை, பாட்டில், குழாய், நான் செய்த கொலை. அவன் கறியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஜனவரி 31, புதன்

மான் கறி. நேற்றும் மான் கறி. அதற்கு முந்தின நாளும்.

பிப்ரவரி 3, சனி

காலை பத்து மணிக்கு வெளியே பெரிய சத்தம். எட்டிப் பார்த்தால் டெல்மரும் லெஸ்ஸும். ஏரிக்கு மீன் பிடிக்கப் போகும்போது சாமான் இழுத்துக்கொண்டு போவார்களே, அந்தப் பனிச் சறுக்குப் பலகையில் ஒரு வெள்ளை ஃபிரிட்ஜைக் கயிறு போட்டுக் கட்டித் தெருவோடு இழுத்து வருகிறார்கள். டெல்மரின் மகள் வீடு மாறியபோது விட்டுப்போன ஃபிரிட்ஜாம். லெஸ் பின்னாலிருந்து தள்ளியபடி, "இவ்ளோ பெரிய மீனை எந்த ஏரியில புடிச்சீங்கன்னு எதிர்வீட்டுக்காரி கேக்குறா" என்றான்.

நார்பர்ட் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

டெல்மருக்கு அது தெரிந்தது. வேண்டுமென்றே அந்தப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினான். "நார்ப் கை நடுங்குறது ஊருக்கே தெரியும்மா. தபால்காரனுக்குக்கூடத் தெரியும். அவனுக்கு மட்டுந்தான் அது ரகசியம்!"

கதவு திறக்கவில்லை. அவர்களுக்குக் காபியும் வெண்ணெய் ரொட்டியும் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம் நார்பர்ட் வெளியே வந்து கேட்டான்: "தபால்காரனுக்குமா?"

"ஆமா" என்றேன். எனக்கு அது நிஜமா என்று தெரியாது.

பிப்ரவரி 10, சனி

இன்று வேலை நடந்தது.

சிலிண்டர் உள்ளே அடங்கவில்லை. அதனால் குழாய்க்குக் கதவில் ஒரு துளை, கேஸ் டியூப்புக்குப் பக்கவாட்டில் ஒரு துளை. பக்கவாட்டு என்றதும் டிரில்லைக் கீழே வைத்துவிட்டேன். நார்பர்ட் கராஜில் நாற்காலி போடச் சொன்னான். போட்டேன்.

"சோளமாவு எடுத்துட்டு வா. சாராயம் ஏதாவது இருந்தா கொண்டா."

கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பிராந்தி பாதி இருந்தது. மாவில் ஊற்றிக் கூழாகக் குழைத்தேன். பள்ளியில் கேக்குக்குக் கிரீம் பூசுவது போல ஃபிரிட்ஜின் பக்கம் முழுக்கப் பூசச் சொன்னான். பூசினேன். ஃபிரிட்ஜை ஓட விட்டுவிட்டு இரண்டு பேரும் அதன் முன்னால் உட்கார்ந்தோம். கராஜ் முழுக்கப் பிராந்தி வாசனை.

"இப்ப என்ன?"

"பாரு."

பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஈர மாவின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. உள்ளே சூடான குழாய் எங்கே ஓடுகிறதோ அங்கே மாவு முதலில் காய்கிறது. மேலே போய், வளைந்து, கீழே வந்து, மறுபடி வளைந்து – மூடிக் கிடந்த பெட்டி தன் வயிற்றைத் தானே வரைந்து காட்டியது. நான் கொன்ற ஃபிரிட்ஜிலும் இப்படித்தான் ஓடியிருக்கும்.

நார்பர்ட் எழுந்து வந்து பென்சிலால் கோடுகளை ஒட்டி வரைந்தான். கை நடுங்கியதால் பென்சில் கோடு அலை அலையாகப் போயிற்று. நான் பென்சிலை வாங்க நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். இரண்டு அலைகளுக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்தான். "இங்க. பயப்படாத."

மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். புஸ் இல்லை. பஞ்சு மட்டும் வந்தது.

"நல்லாப் போட்ட" என்றான். இத்தனை வருடத்தில் என் சமையலைக்கூட அவன் இப்படிச் சொன்னதில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

காய்ச்சினோம். அதாவது நான் காய்ச்சினேன், அவன் நாற்காலியிலிருந்து அதட்டினான். "கிண்டு. அடியில புடிக்குது பாரு. இப்ப இல்ல. இப்ப! சூட்டைப் பாத்தியா?" வார நாளெல்லாம் பெரிய பானையைத் தூக்குகிறேன், ஞாயிற்றுக்கிழமையும் தூக்கினேன். அவன் துடுப்பு என்று சொல்லுகிற நீள மரக் கரண்டியால் இரண்டு மணி நேரம் கிளறினேன். முதுகு விண்ணென்று தெறிக்கிறது.

என் வேலையைக் குறைக்கத்தானே இதை ஆரம்பித்தேன்? இப்போது அவனுடைய வேலையும் என் தலையில். எனக்குப் பீர் பிடிக்காது. வாசனைகூடப் பிடிக்காது. அவனிடம் அதைச் சொல்லவில்லை, ஏனென்றால் முகத்தில் ஏதோ கொஞ்சம் பூட்டுத் திறந்திருந்தது.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு நானூறு பேருக்கு மீன் துண்டு.

பிப்ரவரி 25, ஞாயிறு

புளித்து முடிந்த பீரைப் பீப்பாய்க்கு மாற்றினேன். கேஸ் திறந்ததும் எங்கோ மெல்லிய சீறல். பள்ளியில் சோப்புத் தண்ணீரை எதற்கெல்லாமோ பயன்படுத்துகிறோம், இங்கேயும் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். ஒன்றில் குமிழ் குமிழாக வந்தது. திருகி இறுக்கினேன், நின்றது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கராஜில் நாங்கள் இல்லாத நேரம் ஹீட்டர் கிடையாது. ராத்திரி போட்டால் கட்டுப்படியாகாது, போடாவிட்டால் பீர் உறைந்துவிடும். அதனால் நார்பர்ட் சொன்னபடி ஃபிரிட்ஜுக்குள் ஒரு பழைய குண்டு பல்பை எரியவிட்டிருக்கிறேன். குளிர வைக்கிற பெட்டியை உட்கார்ந்து சூடாக்கிக்கொண்டிருக்கிறோம். இதை எல்லாரும் செய்வதுதான் என்கிறான்.

மார்ச் 4, ஞாயிறு

எல்லாம் வீண்.

மத்தியானம் முதல் கோப்பை. நார்பர்ட் முகச்சவரம் செய்துகொண்டான், தானாகவே. தாடையில் இரண்டு கீறல். குழாய் முன்னால் வந்து நின்று ஒரு கையில் கோப்பையைப் பிடித்து மறு கையால் பிடியை இழுத்தான். கை மெதுவாகத்தான் போகிறது, நடுங்கி நடுங்கி. குழாய் பாதி திறந்து நின்றது. நுரை. கோப்பை முழுக்க நுரை. கொட்டிவிட்டு மறுபடி. நுரை. மூன்றாவது தடவை கை வழியாக வழிந்து ஸ்லிப்பர் வரைக்கும் நனைந்தது. நான்காவது தடவை நான் – நான் போய்க் கையைப் பிடித்தேன். பிடிச்சிருக்கக் கூடாது. எனக்குத் தாங்கல.

கோப்பையைச் சுவரில் எறிந்தான். "உன் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு ஊத்து!" என்று கத்திவிட்டு உள்ளே போனான். அந்த மூன்று படி ஏற அவனுக்கு எவ்வளவோ நேரம் ஆயிற்று. நான் உதவிக்குப் போகவில்லை.

கண்ணாடி பெருக்கினேன். மறுபடியும் கண்ணாடி.

எனக்கும் போதும்.

மார்ச் 7, புதன்

கராஜ் பக்கம் போகவில்லை.

மார்ச் 8, வியாழன்

இன்றும்.

மார்ச் 10, சனி

மளிகைக் கடையில் டானா எதிரில் வந்துவிட்டாள். குழாய் எப்படி என்று கேட்டாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று, "நுரை" என்று மட்டும் சொன்னேன்.

"பீர் வர்ற டியூப் எத்தனை அடி போட்டீங்க?"

"மூணு. இருந்த துண்டை வெச்சு முடிச்சுட்டேன்."

"அய்யோ! பத்தடி வேணும். சின்ன டியூப்னா பாய்ஞ்சு வந்து நுரைச்சுக் கொட்டும். நீளமா இருந்தாத்தான் நிதானமா வரும்." தன் கடைக்கு நடந்து போய்ப் பத்தடி வெட்டி எடுத்து வந்து என் வண்டியில் போட்டாள்.

வீட்டுக்கு வந்து நார்பர்ட் மடியில் அந்த டியூப் சுருளை வைத்தேன். "மூணடி போட்டது என் தப்பு. உன் கை இல்ல."

அவன் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என் கையுந்தான்" என்றான். கோபமாக இல்லை. டாக்டர் சொன்ன நாளிலிருந்து தன் கையைப் பற்றி அவன் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. "பாதி தெறந்தாலும் நுரைக்கும். ஒரே வீச்சுல முழுசாத் தெறக்கணும். என்னால முடியல, மார்லிஸ்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். டியூப் இரண்டு பேர் மடியிலும் கிடந்தது.

மார்ச் 11, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உடுப்பைக்கூட மாற்றாமல் தூங்கிப்போனேன். ரம்பம் அறுக்கும் சத்தத்தில் விழித்தேன். கனவு என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன். மறுபடியும் ரம்பம்.

கராஜில் டெல்மர். நார்பர்ட்டே போன் பண்ணிக் கூப்பிட்டானாம். எனக்கு அது சட்டென்று மண்டையில் ஏறவில்லை. டெல்மர் அந்த மரத் துடுப்பைப் பாதியாக அறுத்து, அதன் வாலைக் குழாயின் பிடியில் திருகி மாட்டிக்கொண்டிருந்தான். முழங்கை நீளத்துக்குப் பெரிய பிடி. குழாய்க்கு அடியில் என் பள்ளிப் பால் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் கோப்பை. கையில் பிடிக்கவே வேண்டாம். புது டியூப் உள்ளே சுருண்டு கிடந்தது.

"துடுப்பு போச்சே" என்றேன்.

"நீதான் கிண்டப் போற, ஒனக்குக் குட்டையா இருந்தாத்தான் முதுகு வலிக்காது" என்றான் நார்பர்ட். என் முதுகு அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும்.

டெல்மர் தள்ளி நின்றான். "ம், அடி."

நார்பர்ட் முன்கையால் பிடியை ஓர் அடி அடித்தான். நடுக்கமும் அந்த அடியோடு சேர்ந்து போயிற்று. நீளப் பிடி என்பதால் குழாய் ஒரே வீச்சில் முழுசாகத் திறந்தது. சத்தமே இல்லாமல் பழுப்பு நிறத்தில் இறங்கியது. மேலே இரண்டு விரல் கனம் நுரை. புறங்கையால் திருப்பி அடித்தான், நின்றது.

யாரும் குடிக்கவில்லை. "வெள்ளிக்கெழம வரைக்கும் தொடக்கூடாது" என்று நார்பர்ட் சொல்லிவிட்டான். அந்தக் கோப்பையைக் கீழே கொட்டச் சொன்னான். டெல்மர் கொட்டும்போது தன் சொந்த வீடு எரிகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

மார்ச் 16, வெள்ளி

பனிப்புயல். யாரும் வரவில்லை. நார்பர்ட் ஐந்து மணிக்கு ஒருமுறை, ஆறு மணிக்கு ஒருமுறை ஃபிரிட்ஜைப் போய்ப் பார்த்து வந்தான். படி இறங்கி, படி ஏறி.

மார்ச் 23, வெள்ளி

வந்தார்கள். மூன்று பேரும்.

லெஸ் வறுத்த மீன் பொட்டலம் கொண்டு வந்தான், வால்ட் கம்பு ரொட்டி. நான் பள்ளியிலிருந்து ஒரு புதுத் தரை தேய்க்கும் பிரஷ் கொண்டு வந்து மேசையில் கவிழ்த்து வைத்தேன். நாரில் சீட்டுகளைச் சொருகினால் நிற்கும், கையில் பிடிக்க வேண்டாம். கொடுப்பதற்கு முன்னால் பயமாக இருந்தது. நார்பர்ட் சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சொருகினான்.

டெல்மர் எட்டிப் பார்த்தான். "அடடா, இனிமே உன் சீட்டைப் பாக்க நான் கழுத்த நீட்ட வேண்டாம்."

"முப்பது வருசமாப் பாத்துட்டுத்தானடா தோத்துக்கிட்டு இருக்க" என்றான் நார்பர்ட். வால்ட் மீனைக் கக்கிவிடுகிற மாதிரி சிரித்தான்.

பிறகு நார்பர்ட் எழுந்தான். மேசையிலிருந்து ஃபிரிட்ஜுக்கு ஆறு எட்டு. மூன்று பேரும் தங்கள் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை கவனமாக யாரும் சீட்டைப் பார்த்து நான் கண்டதில்லை. பிடியில் ஒரு அடி. பீர் இறங்கியது. புறங்கையால் ஒரு அடி. நின்றது. கோப்பையை இரண்டு கையாலும் அணைத்து எடுத்தான்.

"சட்டம் தெரியுமில்ல" என்றான் லெஸ். "காய்ச்சினவன் மொதல்ல குடிக்கணும். நாங்க பொழைக்கணும் பாரு."

"தெரியும்" என்றான் நார்பர்ட். "காய்ச்சினது நான் இல்ல."

திரும்பி என்னை நோக்கி நடந்தான். நான் சுவர் ஓரம் மடக்கு நாற்காலியில் இருந்தேன். ஒவ்வொரு எட்டுக்கும் பீர் சிந்தியது. சட்டையில், தரையில், ஸ்லிப்பரில். நான் எழப்போனேன். கால் தானாகவே எழுகிறது, பதினாறு மாதப் பழக்கம்.

"உக்காரும்மா" என்றான் டெல்மர், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உட்கார்ந்தேன்.

வந்து சேர்ந்தபோது கோப்பையில் பாதிதான் இருந்தது. "இந்தா" என்றான். அவ்வளவு தூரம் நடந்ததில் மூச்சு வாங்கியது. இந்த வீட்டில் கடைசியாக யார் எனக்கு ஒரு கோப்பையைக் கையில் கொண்டு வந்து கொடுத்தார்கள்? யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

கசப்பு. எனக்குப் பீர் பிடிக்கவே பிடிக்காது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

"சாகல" என்றான் வால்ட். "ஊத்துடா நார்ப்."

ஊற்றினான். மூன்று கோப்பை. எல்லாவற்றையும் அவனே. நான் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தேன்.

மார்ச் 24, சனி

ஏழு மணி வரை தூங்கினேன். பொத்தான் போட்டுவிட்டேன், தொத்திறைச்சி நறுக்கினேன். துணி துவைத்தேன்.

ஃபிரிட்ஜிலிருந்து என் நாற்காலி வரை கராஜ் தரை பிசுபிசுவென்று ஒட்டுகிறது. வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு போனேன். திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டேன். திங்கட்கிழமை துடைக்கலாம்.